பிள்ளைக் காம்பராவிலிருந்து தொடங்குவோம்

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையைச் 'செவிடு' என்றோ 'பிடிவாதம்' என்றோ கூறிக் காலங்கடத்துகிறோம். அது 'ஓட்டிசம்' எனப்படும் மதியிறுக்கமாகவும் இருக்கலாம். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் அதனைக் கண்டது. ஆய்வு நடந்தது நகரை அண்டிய பகுதியில்; மலையகத்தில் அன்று. 2017இல் இலங்கைச் சூழலுக்கேற்ற படவழிச் சோதனையொன்றும் வெளிவந்தது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தாய் பகலெல்லாம் கொழுந்து மலையில், பிள்ளையோ காம்பராவில். ஆகவே அங்கு பராமரிக்கும் பெண்ணே குறையை முதலில் காணக்கூடியவர். அப்படங்களைத் தமிழ் விளக்கத்துடன் அவரிடம் கொடுத்துப் பயிற்சியளிப்பது சுகாதார அமைச்சினதும் தோட்ட நிர்வாகங்களினதும் கடமை. அவர் அடையாளம் காணும் பிள்ளையை மருத்துவரிடம் சேர்ப்பதும் அக்கடமையில் அடங்கும். பாடசாலை செல்லும் வயதுவரை பொறுத்திருப்போம் என்பது பொறுமையன்று, அநீதி.