கிளியோபாட்ரா நிஜமாகவே ஃப்ளாப்பா?

ஹாலிவுட்டின் படுதோல்விப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 1963-ல் வந்த 'கிளியோபாட்ரா' அதில் தவறாமல் இருக்கும். எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன், ரெக்ஸ் ஹாரிசன் நடித்து, ஜோசப் மேன்கிவிக்ஸ் இயக்கிய படம். "ட்வென்டியத் சென்ச்சுரி ஃபாக்ஸையே மூழ்கடித்த படம்" என்ற பட்டம் வேறு. ஆனால் ஒரு சின்னச் சிக்கல். 1963-ல் வந்த படங்களில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது எது என்று தேடினால் அங்கேயும் முதலிடத்தில் இதே கிளியோபாட்ராதான் வந்து நிற்கிறாள்!

வகுப்பில் முதல் மார்க் வாங்கியவன் எப்படி ஃபெயில் ஆனான்? சினிமா ரசிகர்களைவிட காமர்ஸ் மாணவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி ருசிக்கும்.

முதலில் வசூல். அமெரிக்காவில் டிக்கெட் விற்ற பணம் மட்டும் ஏறக்குறைய 5.77 கோடி டாலர். படத்தை எடுக்க ஆன செலவு 3.1 கோடி, பிரிண்ட், விளம்பரம் எல்லாம் சேர்த்தால் 4.4 கோடி. கழித்துப் பார்த்தால் 1.37 கோடி லாபம் மாதிரி தெரிகிறதல்லவா? அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். நம்மூர் விநியோகஸ்தர்கள் 'ஷேர்' என்று சொல்வார்களே, அதேதான். அமெரிக்காவில் அதற்கு 'ரென்டல்' என்று பெயர். ஃபாக்ஸ் கைக்கு வந்த அந்தத் தொகை 2.6 கோடிதான். ஆக, கிராஸை வைத்துப் பார்த்தால் ஹிட், ஷேரை வைத்துப் பார்த்தால் ஃப்ளாப். இரண்டு கட்சிக்காரர்களும் இத்தனை வருடமாகச் சண்டை போடுவது இதனால்தான்.

சரி, வரவு தெளிவாகிவிட்டது. உண்மையான கூத்து செலவுப் பக்கத்தில் இருக்கிறது.

ஆரம்பத்தில் போட்ட பட்ஜெட் வெறும் 20 லட்சம் டாலர். அது 3.1 கோடி ஆனது எப்படி என்று கேட்டால் ரெடிமேட் பதில் ஒன்று உண்டு: "எல்லாம் அந்த அம்மணியால்தான்." டெய்லருக்கு 10 லட்சம் டாலர் சம்பளம், 65 உடைகள், ரோம் நகரில் பர்ட்டனுடன் காதல், பத்திரிகைகளில் வம்பு. பிரம்மாண்டமான செட்டுகளையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

உடைகளையே எடுத்துக்கொள்வோம். அத்தனையும் சேர்த்து 1,94,800 டாலர். கேட்கும்போது மயக்கம் வரும். ஆனால் தயாரிப்புச் செலவில் அது 1 சதவீதம் கூட இல்லை! தங்கச் சரிகை உடையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் யாரும் லண்டன் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

லண்டன் கணக்கு என்றால்? படப்பிடிப்பு முதலில் தொடங்கியது ரோமில் அல்ல, லண்டன் அருகே இருக்கும் பைன்வுட் ஸ்டூடியோவில், 1960 செப்டம்பரில். எகிப்தின் வெயிலைக் காட்ட இங்கிலாந்தின் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யாரோ! பிரிட்டனில் எடுத்தால் மானியம் கிடைக்கும் என்ற ஆசை. மழையும் குளிரும் செட்டுகளைப் பாழாக்கின. டெய்லர் நோயில் படுத்தார். இயக்குநர் ரூபன் மமூலியன் 1961 ஜனவரியில் விலகினார். அதுவரை செலவு 70 லட்சம் டாலர். கையில் இருந்தது சுமார் 10 நிமிடப் படம். அதற்குப் பிறகு மேன்கிவிக்ஸ் வந்தார். மார்ச்சில் டெய்லருக்கு நிமோனியா முற்றி, தொண்டையில் துளை போட்டுத்தான் காப்பாற்றினார்கள். யூனிட்டே ரோமின் சினேசிட்டா ஸ்டூடியோவுக்கு மூட்டை கட்டியது. சீசரும் ஆண்டனியும் கூட மாறினார்கள்: பீட்டர் ஃபிஞ்ச், ஸ்டீஃபன் பாய்ட் போய் ஹாரிசனும் பர்ட்டனும் வந்தார்கள். லண்டனில் எடுத்ததில் ஒரு அடி கூடப் படத்தில் இல்லை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'அப்நார்மல் லாஸ்' என்று ஒரு பாடம் வரும். சர்க்கரை ஆலையில் வழக்கமாக வீணாவது நார்மல் லாஸ். அது சர்க்கரையின் விலையிலேயே சேர்ந்துவிடும். கோடவுனில் வெள்ளம் புகுந்து மூட்டைகள் கரைந்து போனால் அது அப்நார்மல். அதைச் சர்க்கரையின் தலையில் கட்டக் கூடாது, நேராக லாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். தேர்வில் இதை மாற்றி எழுதினால் மார்க் போச்சு. ஃபாக்ஸ் செய்தது அதைத்தான். நாம் இன்று திரையில் பார்க்கிற படத்துக்கும் லண்டன் மழைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அந்த 70 லட்சம் கிளியோபாட்ரா என்ற 'பொருளின்' அடக்கவிலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 4.4 கோடி 3.7 கோடியாகிறது. உலகம் முழுக்க ஓடி ஃபாக்ஸுக்கு வந்த ஷேர் ஏறக்குறைய 4 கோடி. அதாவது, ரோமில் எடுத்த படம் தன் செலவைத் தானே ஈட்டிவிட்டது!

"கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதினால் என்ன, போன பணம் போனதுதானே?" என்று யாராவது கேட்கலாம். ஃபாக்ஸின் கஜானாவைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதை வைத்துத்தான் யார் மேல் பழி என்பது முடிவாகிறது. படத்தின் செலவு என்றால் நடிகையும் இயக்குநரும் ஊதாரிகள். அப்நார்மல் லாஸ் என்றால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

ரோமிலும் நிர்வாகம் திருந்திவிடவில்லை. திரைக்கதையை முடிக்காமலே 1961 செப்டம்பரில் மறுபடி கேமராவை ஓட்டினார்கள். மேன்கிவிக்ஸ் பகலில் படம் எடுத்து இரவில் வசனம் எழுதினார். சாதாரணமாக ஒரு செட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போவார்கள். இங்கே எழுதி முடித்ததைத்தான் எடுக்க முடியும் என்பதால் கதையின் வரிசையிலேயே போக வேண்டியிருந்தது. விளைவு? போட்ட செட்டைப் பிரிக்க முடியாது. சம்பளம் வாங்கும் நடிகர்கள் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பர்ட்டனும் அதில் ஒருவர். (சும்மா இருந்த மூளையில்தானே காதல் வரும் என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை!)

டெய்லரின் ஒப்பந்தமும் இதில் சேரும். குறித்த வாரங்கள் தாண்டினால் வாரத்துக்கு 50,000 டாலர் கூடுதல். அதற்கு மேல் வருமானத்தில் 10 சதவீதம். லாபத்தில் அல்ல, மொத்த வரவில்! படம் நட்டமானாலும் அவர் பங்கு போயே தீரும். படம் எடுத்த 'டாட்-ஏஓ' கேமரா முறையில் அவருடைய மறைந்த கணவர் மைக் டாட் வழியாக வந்த உரிமைத்தொகை வேறு. பேராசைக்காரி என்றுதான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டவர் குறைவு. தாமதம் ஆக ஆகத் தனக்குத்தான் செலவு ஏறும் என்று தெரிந்தும் முழுத் திரைக்கதை இல்லாமல் படப்பிடிப்பைத் தொடங்கிய கம்பெனி அது.

பிரம்மாண்டம்தான் கெடுத்தது என்பதும் பொருந்தவில்லை. அதே சினேசிட்டாவில் எடுத்த 'பென்-ஹர்' 1959-ல் வந்தது. சுமார் 1.5 கோடி டாலர், அதுவரை யாரும் போடாத முதல். தேர்ப்பந்தய மைதானம் மட்டுமே ஊர் அளவு. அது எம்ஜிஎம்மைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. கிளியோபாட்ரா தோற்றதால் ஃபாக்ஸ் தன் நிலத்தை விற்றதாம், அங்கேதான் லாஸ் ஏஞ்சல்ஸின் 'சென்ச்சுரி சிட்டி' எழுந்ததாம். நிலம் விற்றது உண்மை, வாங்கியவர்களில் அல்கோவா அலுமினியம் கம்பெனியும் உண்டு. ஆனால் விற்பனை நடந்தது 1961-ல். படம் ரிலீஸ் ஆனதோ 1963 ஜூன் 12. வராத படம் எப்படித் தோற்கும்? ஃபாக்ஸுக்கு அதற்கு முன்பே வரிசையாக அடி விழுந்திருந்தது. 1962-ல் அதன் நட்டம் ஏறக்குறைய 4 கோடி டாலர். ரோமில் போய்க்கொண்டிருந்த பணம் நெருக்கடியை முற்றவைத்தது, மறுக்க முடியாது. தலைவர் ஸ்பைரோஸ் ஸ்கௌராஸ் அந்த வருடமே பதவி இழந்தார். டேரில் ஜானக் வந்தார்.

ஜானக் பற்றியும் ஒரு வார்த்தை. மேன்கிவிக்ஸ் இதை மூன்று மணி நேரப் படங்கள் இரண்டாக வெளியிடக் கேட்டார். ஜானக் மறுத்தார். நான்கு மணி நேரப் படமாகத் திரையிட்டு, பிறகு அதையும் வெட்டிச் சுமார் மூன்றேகால் மணி நேரமாக்கினார்கள். செலவழித்ததில் கொஞ்சம் அப்படியும் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

1966-ல் ஏபிசி தொலைக்காட்சி 50 லட்சம் டாலர் கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்கியது. ஒரு படத்துக்கு அன்று அது சாதனை விலை. அதோடு போட்ட அசல், லண்டன் மழையையும் சேர்த்து, திரும்பிவிட்டது. மூன்று வருடம் முன்னால் ஒட்டிய 'ஃப்ளாப்' லேபிளை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. கம்பெனியோ 1964-லேயே, படத்துக்குக் கேடு விளைவித்ததாக டெய்லர், பர்ட்டன் இருவர் மேலும் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. படத்தின் மொத்தச் செலவைவிட அதிகம்!

அப்நார்மல் லாஸ் கணக்கில் கடைசியாக 'ஸ்கிராப் மதிப்பு' என்று ஒரு வரி எழுத வேண்டும். லண்டன் ஸ்கிராப் வீணாகவில்லை. ஃபாக்ஸ் விட்டுப்போன செட்டுகளையும் உடைகளையும் வைத்து அதே பைன்வுட்டில் 1964-ல் 'கேரி ஆன் கிளியோ' என்று ஒரு சின்ன பட்ஜெட் நகைச்சுவைப் படம் எடுத்துவிட்டார்கள். அதன் போஸ்டர் தங்கள் கிளியோபாட்ரா போஸ்டரைக் காப்பி அடித்தது என்று ஃபாக்ஸ் அதன் மேலும் கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கில் ஜெயித்தது.