ஹிட்லர் என்னும் செல்லப்பெயர்

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்துத் தேநீர்க்கடைக் கூட்டத்தில் அரைமணி நேரம் நின்றால், ஹிட்லரின் பெயர் ஒருமுறையேனும் காதில் விழுந்துவிடுகிறது. "எங்க லைன் லீடர் சரியான ஹிட்லர்ப்பா" என்கிறார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஓர் இளைஞர். குரலில் வெறுப்பில்லை. மரியாதை கலந்த சலிப்பு மட்டுமே. கண்டிப்பானவர், காரியத்தை முடிப்பவர் என்பதற்கு நம் புழக்கத்தில் அது ஒரு செல்லப்பெயர்.

அந்த இளைஞரைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. அவருக்கு அச்சொல்லைக் கொடுத்தவர்கள் வேறு. 1982-இல் சிவாஜி கணேசன் படத்துக்கு 'ஹிட்லர் உமாநாத்' என்று பெயரிட்டவர்கள். தொலைக்காட்சித் தொடரைத் 'திருமதி ஹிட்லர்' என்று அழைத்தவர்கள். 2024-இலும் கூச்சமின்றி ஒரு படத்துக்கு 'ஹிட்லர்' என்றே பெயர் வைத்தவர்கள். 'எனது போராட்டம்' நூலைத் தன்னம்பிக்கை நூல்களின் வரிசையில் அடுக்கி விற்பவர்கள். இவற்றையெல்லாம் பார்த்தும் ஒரு வரி எழுதாமல் கடந்துபோன இலக்கியவாதிகளையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அதாவது நம்மை.

சுட்டிக்காட்டினால், வெறும் பெயர்தானே என்கிறார்கள். 2012-இல் அகமதாபாத்தில் ஒரு துணிக்கடைக்கு 'ஹிட்லர்' என்று பெயர் வைத்து, எழுத்தின் புள்ளிக்குள் ஸ்வஸ்திகாவையும் வரைந்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் உரிமையாளர் தந்த விளக்கம், தம் கூட்டாளியின் தாத்தா மிகக் கண்டிப்பானவர், அவருக்கு வீட்டில் வழங்கிய பெயர் அது என்பது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். நம் அச்சமும் அதுவே. ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் தலைவன், நம் குடும்பங்களில் தாத்தாவின் குணச்சிறப்பாக உருமாறி உட்கார்ந்திருக்கிறான். (அதே தேநீர்க்கடையில் ஒடிசா, பீகார் தொழிலாளரைச் சுட்டும் 'வடக்கன்' என்ற சொல்லுக்கும் வெறும் பெயர்தானே என்ற இதே சமாதானம்தான் சொல்லப்படுகிறது.)

இன்னும் சற்றுப் படித்தவர்கள், நம் மண்ணில் யூதர் ஏது, வெறுப்பு ஏது என்பார்கள். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் 12 ஆல்டர்மேன்களில் 3 பேர் யூத வணிகர்கள். பவழத்தைக் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போனவர்கள் அவர்கள். மண்ணடியின் பவழக்காரத் தெருவில் அந்த வணிகத்தின் பெயர் மிஞ்சியிருக்கிறது. யூதர்களை இந்தியா துன்புறுத்தியதில்லை என்ற பெருமை பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் பழைய நற்சான்றிதழைக் காட்டி இன்றைய கேள்விக்குத் தப்பிக்க முடியாது. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டபோது, நெருக்கடியான ஒரு சந்துக்குள் இருந்த நரிமன் இல்லம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்த யூத மதகுருவும் கருவுற்றிருந்த அவர் மனைவியும் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். நம் நினைவில் தங்கியதோ தாஜ் ஓட்டலின் புகை மட்டும்.

தேசபக்தர்களின் வாதம் தனி. ஹிட்லர் அடித்திராவிட்டால் வெள்ளைக்காரன் போயிருப்பானா என்பார்கள். 1942-இல் நேதாஜி அவனைச் சந்தித்ததைச் சொல்வார்கள். செண்பகராமன் பிள்ளை ஹிட்லரை மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற கதையைப் பள்ளி மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! செண்பகராமன் 1934-இல் பெர்லினில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டே டாக்காவ் முகாம் திறக்கப்பட்டு, யூதக் கடைகள் புறக்கணிக்கப்பட்டு, யூதர்கள் அரசுப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். நம் கதையில் அவர்களுக்கு இடமில்லை; தமிழனின் வீரத்துக்கு ஒரு பின்திரையாக மட்டும் ஹிட்லர் நிற்கிறான். இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதே தனக்கு விருப்பம் என்று அவன் எழுதியது, நாம் தன்னம்பிக்கைக்காக வாங்கும் அதே 'எனது போராட்ட'த்தில்தான்.

அது ஐரோப்பாவின் விவகாரம், நமக்கென்ன என்பவர்களை மறுபடியும் அந்தக் கூட்டுச்சாலைக்கே அழைக்கிறோம். 2012 முதல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. அவற்றின் மூலநிறுவனமான டைம்லர்-பென்ஸில் 1944-இல் இருந்த 63,610 பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய உழைப்பாளிகளும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும். எல்லோரும் யூதர்கள் அல்லர். பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள். இதை நாங்கள் தோண்டிக் கண்டுபிடிக்கவில்லை. அந்நிறுவனமே தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறது. ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 2000-இல் அமைத்த அறக்கட்டளை, உயிரோடு எஞ்சியிருந்த 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு தந்தது. செய்தவர்களின் வாரிசுகள் ஒப்புக்கொண்டு பணம் கட்டிய குற்றத்தை, அவர்களுடைய வாசலில் நின்றுகொண்டு நாம் 'கண்டிப்பு' என்று மொழிபெயர்க்கிறோம்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் போனால், சற்றுத் தொலைவில் மறைமலைநகர். தனித்தமிழ் அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் உற்பத்தியாயின. அந்த ஹென்றி ஃபோர்டு, தமக்குச் சொந்தமான 'டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்' இதழில் 1920 முதல் யூதர்களுக்கு எதிராகத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டவர். அவை நூலாகி ஜெர்மன் மொழிக்கும் போயின. 1927-இல் வழக்கு நெருக்கியதும் மன்னிப்புக் கேட்டார். 1938-இல் தம் 75-ஆம் பிறந்தநாளில் நாஜி அரசின் விருதையும் வாங்கிக்கொண்டார். ஹிட்லரின் இளைஞர் படைத் தலைவனாக இருந்த பால்டுர் ஃபான் ஷிராக், தன்னை யூத வெறுப்பாளனாக்கியது அந்த நூல்தான் என்று நியூரம்பர்க் நீதிமன்றத்தில் சொன்னான். நல்ல கார் செய்தவர், பாவம், ஏதோ எழுதிவிட்டார் என்று அமெரிக்காவும் நெடுங்காலம் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியாக வருவது, எங்கள் நண்பர்கள் வட்டத்திலேயே சுற்றுவதால் எழுதக் கை தயங்கும் விஷயம். காசாவில் குண்டு விழும் போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது: ஹிட்லரின் முகம், கீழே, யூதர்களில் சிலரை ஏன் மிச்சம் வைத்தேன் என்று அவன் விளக்குவதாக ஒரு வாசகம். 2023 அக்டோபருக்குப் பின் அது பலமடங்காகப் பெருகியது. காசாவில் குழந்தைகள் கொல்லப்படுவதைக் கண்டு கொதிப்பவர்கள் நாங்களும்தான். இஸ்ரேல் அரசின் செயலைக் கண்டிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படம் இஸ்ரேலைக் கண்டிக்கவில்லை. ஆஷ்விட்சில் எரிந்த குழந்தைகளுக்கு அவர்கள் பிறப்பையே காரணமாகக் காட்டுகிறது. காசாவின் குழந்தைகளுக்காக அழுபவர் எப்படி அதைக் கைகூசாமல் அனுப்புகிறார்? கேட்டால், கோபத்தில் அனுப்பியது, நீங்கள் சியோனிஸ்ட் ஆகிவிட்டீர்களா என்கிறார்கள். முற்போக்கு மேடைகளில் கவிதை வாசிப்பவர்களே இதைச் சொல்கிறார்கள்.

அந்த வாசகம் போலி. ஹிட்லரின் நூலிலும் உரைகளிலும் அது இல்லை. எனவே அண்மைக்காலமாக நாங்கள் வாதிடுவதை விட்டுவிட்டோம். படம் வந்தால் எந்த நூல், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கிறோம். இதுவரை ஒருவரும் பக்க எண் தரவில்லை. மூத்த எழுத்தாளர் ஒருவர் கும்பிடும் கைகளின் படத்தை அனுப்பினார். மறுவாரம் வேறொரு குழுவில் அதே படத்தை அவரே பகிர்ந்திருந்தார்.