திறந்த கதவும் திறவாத கதவும்



ஒரு கல்லூரித் தலைவரை எதைக்கொண்டு எடை போடுவது? எழுப்பிய கட்டடத்தைக் கொண்டா? ஏற்றுக்கொண்ட பட்டங்களைக் கொண்டா? கழுத்தில் விழுந்த மாலைகளை எண்ணியா? இல்லை! அவரிடம் படித்த இளைஞனுக்கு வேலை கிடைத்ததா? அது சொந்த மண்ணிலே கிடைத்ததா? அந்த இளைஞனுக்குப் பக்கத்திலே நின்று உழைக்கும் தொழிலாளியும் வாழ்ந்தானா? இந்த மூன்று கேள்விகளே நமது தராசு. அந்தத் தராசிலே ஒருவரை நிறுத்திப் பார்ப்போம்.

அவர் பெயர் பிரெடரிக் டெர்மன். அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியாவிலே உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பகுதிக்கு 'டீன்', அதாவது தலைவர், ஆக இருந்தவர்.

அந்தப் பல்கலைக்கழகம் எவர் பணத்தில் எழுந்தது? லேலண்ட் ஸ்டான்போர்டு என்ற ரயில்வே முதலாளியின் பணத்தில். ரயில்வேயை உண்டாக்கியது எவர் கை? பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களின் கை! பாறையைக் குடைந்து, பனியில் நின்று பாதை போட்டவர்கள் அவர்கள். 1867-இல் வெள்ளையருக்குச் சமமான கூலி வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி என்ன செய்தது? முகாமுக்குப் போன உணவை நிறுத்திற்று. பசி அவர்களைப் பணிய வைத்தது. அந்தச் செல்வத்தின் ஒரு பகுதிதான் 1891-இல் கல்விக்கூடமாகக் கதவு திறந்தது. இதை மறந்துவிட்டு டெர்மன் கதையைப் பேசுவது, அடிக்கல்லை மறந்து கோபுரத்தைப் புகழ்வதாகும்.

1900-இல் பிறந்த டெர்மன், 1924-இல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். திரும்பியதும் காசநோய்! ஓராண்டு படுக்கை. நோய் நீங்கி எழுந்தவர், ஸ்டான்போர்டிலேயே ஆசிரியரானார். அவர் கண்ட காட்சி என்ன? படித்துத் தேறிய பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலை தேடிக் கிழக்குக் கரைக்கு ரயில் ஏறுகிறான். கற்பித்தது இந்த ஊர். பலன் கண்டது வேறு ஊர்!

இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று எண்ணினார் டெர்மன். எண்ணியதோடு நின்றாரா? கிழக்கே வேலைக்குப் போய்விட்ட மாணவர் டேவிட் பேக்கார்டை, உதவித்தொகைக்கு வழி செய்து, திரும்ப அழைத்தார். வில்லியம் ஹியூலெட்டோடு சேர்ந்து தொழில் தொடங்கத் தூண்டினார். 1939-இல், 538 டாலர் முதலோடு, ஒரு கார் கொட்டகையிலே பிறந்தது அந்தக் கம்பெனி. அவர்கள் செய்த ஒலி அலைக் கருவிகள் எட்டை, சினிமாப் படத்துக்காக வாங்கினார் வால்ட் டிஸ்னி. கொட்டகை தொழிற்சாலையாயிற்று.

உலகப் போரின்போது, எதிரியின் ராடாரைக் குருடாக்கும் ஆராய்ச்சிக்கூடத்தை ஹார்வர்டில் நடத்தினார் டெர்மன். எண்ணூறு பேருக்கு மேல் அவரிடம் வேலை பார்த்தார்கள். 1945-இல் டீன் ஆகத் திரும்பினார். பல்கலைக்கழகத்துக்கு எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. விற்கக்கூடாது என்பது நிறுவியவரின் நிபந்தனை. 1951-இல், அந்த நிலத்தின் ஒரு பகுதியைத் தொழிற்சாலைகளுக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்துக்குத் துணை நின்றார். 1954-இல், பக்கத்துக் கம்பெனிகளின் பொறியாளர்கள் வேலையை விடாமலே மேற்பட்டம் படிக்க வழி செய்தார். பிறகு பல்கலைக்கழகத்தின் உயர் பொறுப்பேற்று 1965 வரை இருந்தார். 1982-இல் மறைந்தார். இன்று 'சிலிகன் பள்ளத்தாக்கு' என்று உலகம் பேசுகிறதே, அதன் வித்துக்களில் ஒன்று அவர் கையால் விழுந்தது.

நம் தராசுக்கு வருவோம். இளைஞனுக்கு வேலை கிடைத்ததா? கிடைத்தது. சொந்த மண்ணிலே கிடைத்ததா? கிடைத்தது. இந்த இரண்டுக்காகவும் டெர்மனைப் பாராட்டத் தயங்கமாட்டோம். படிப்பைப் பட்டத்தோடு முடிக்காமல் பட்டறை வரைக்கும் கொண்டுபோனவர் அவர்.

மூன்றாவது கேள்வி? அங்கேதான் முள் சாய்கிறது!

பொறியாளனுக்குத் திறந்த வகுப்புக் கதவு, பொறுக்குச் சில்லுகளைப் பொருத்திய பெண்ணுக்குத் திறக்கவில்லை. பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். பெரும்பாலான ஆலைகளில் அவர்களுக்குச் சங்கம் கிடையாது. சில்லைக் கழுவிய இரசாயனம் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. நச்சு அகற்ற வேண்டிய இடங்கள் என்று அரசாங்கமே பட்டியல் போட்டது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இருபதுக்கும் மேல்!

வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இராணுவ ஒப்பந்தங்களிலிருந்து, அதாவது மக்கள் கட்டிய வரியிலிருந்து. வரி ஊராருடையது, இலாபம் சிலருடையது. அந்த இராணுவ ஆராய்ச்சி வேண்டாமென்று 1969-இல் மாணவர்களே ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து ஒன்பது நாள் அமர்ந்தார்கள்.

"ஒரு டீன் இதற்கெல்லாம் பொறுப்பா?" என்று கேட்பார்கள். ஆலை முழுவதற்கும் அவர் பொறுப்பல்ல, ஒப்புகிறோம். ஆனால் முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைக்கத் தெரிந்த கல்விக்கூடத்துக்கு, தொழிலாளிக்கு ஒரு நாற்காலி போடத் தெரியாமல் போனதேன்? பொறியாளனுக்கு வகுப்பு நடத்த முடிந்தபோது, பொருத்துகிறவளுக்கும் நடத்த முடியாதா? முடியாததல்ல, நினைக்கவில்லை. அதுதான் குறை.

ஆகவே, தொழிற்கல்வியின் தலைமையிலே அமர்கிறவர் எந்த நாட்டவரானாலும், டெர்மனிடம் பாதியைக் கற்கட்டும்: படித்தவனை ஊரிலே வாழவைக்கும் துணிவு அது. மறுபாதியைத் தொழிலாளியிடம் கற்கட்டும். கல்லூரி வாயில் தொழிற்சாலையை நோக்கித் திறந்தால் மட்டும் போதாது. தொழிலாளி நுழையும் அகலத்துக்குத் திறக்கவேண்டும்!