கேட்பது பொருளையா, கையையா?

பாரீசுக்குப் போய்வந்த நம்மவர்களிடம் ஒரு புலம்பல் உண்டு. "எங்கே பார்த்தாலும் மாடு, பன்றி, வாத்து. சுத்த சைவத்துக்கு ஒரு வாய் சாப்பாடு கிடைக்கவில்லை." அதே ஊரில் இன்னொரு குரலும் இப்போது கேட்கிறது. விலங்குகள் படும் வதையை எண்ணிக் கறியோடு பாலையும் முட்டையையும் விட்டுவிட்ட இளைஞர்களின் குரல் அது. நனிசைவம் என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே உணவகத்தில் ஒரே பட்டியலைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் இரண்டு பேரின் பசியும் ஒன்றல்ல. பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், விலங்குகளுக்காகப் பேசக் கிளம்பியவர் சாதிக்காகப் பேசிவிட்டு வீடு திரும்புவார்.

ஒதியம்பட்டிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரீஸ் சொந்தக்காரர் வாழும் ஊர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா' குடும்பங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால் 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கத்தை ஒட்டிய தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். இழக்கச் சாதிப் பெருமை இல்லாதவர்கள் துணிந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த வரலாறு உள்ள மண்ணிலிருந்துதான் இந்தச் சாப்பாட்டுப் பேச்சைப் பார்க்க வேண்டும்.

பாரீஸ் கறி விரும்பும் ஊர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே நனிசைவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மரபான பிரெஞ்சு ரொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை 1993-இல் ஓர் அரசாணை வரையறுத்தது. மாவு, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்க ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. ரோசியே தெருவின் யூதர் கடைகளில் கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபெல் கிடைக்கும். வட ஆப்பிரிக்க அரபியர் கடைகளில் காய்கறியோடு குஸ்குஸ் உண்டு. லா சப்பேல் பகுதிக்குப் போனால் ஈழத்தமிழர் கடையில் இட்லியும் சாம்பாரும் இருக்கும்.

இந்தக் கடைகளில் நனிசைவர் என்ன கேட்பார்? "இதில் வெண்ணெய் இருக்கிறதா? குழம்பு கறிச்சாற்றில் வைத்ததா? தாளித்தது நெய்யிலா?" பொருளைக் கேட்பார். சமைத்தவர் யூதரா, அரபியரா, எந்தச் சாதித் தமிழர் என்று கேட்க மாட்டார். 1944-இல் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கியதும் பொருளைப் பற்றிய கேள்வியால்தான். கறியை விட்டவர்கள் பாலை மட்டும் எப்படிக் குடிக்கலாம் என்று கேட்டார்கள்.

நம் ஊர்ச் 'சுத்த சைவம்' கேட்பதோ கையை. யார் சமைத்தது, யார் பரிமாறியது, பக்கத்து இலையில் யார் என்பதே அதன் கவலை. சான்று வேண்டுமா? 1924-25-இல் வெடித்த சேரன்மாதேவி குருகுலச் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கறி பற்றிய வழக்கே இல்லை. ஆனாலும் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி. சைவம் சாப்பிட்டால் சாதி போகும் என்பவர்கள் அந்தப் பந்தியைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பழைய கதை என்பீர்களா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் அம்பலப்படுத்திய பிறகே அது கிழிந்தது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் 'தூய சைவ' வாடிக்கையாளருக்குப் பச்சை உடையில் தனி ஆட்களை அனுப்பப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பச்சை உடையை மட்டும் கைவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியைச் சுமப்பவரின் உடையில் என்ன கறி ஒட்டியிருக்கிறது? ஒட்டியிருப்பதாக அவர்கள் நினைப்பது தீட்டு.

சொல்லையே பாருங்கள். 2014-இல் இந்தியப் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் மேல் கறியோ மீனோ முட்டையோ உண்பவர்கள். அவர்கள் உண்பதற்குப் பெயர் 'அசைவம்'. மூன்று பேர் சாப்பாடு இயல்பு, 97 பேர் சாப்பாடு அதன் மறுப்பு! உணவகப் பலகையில் 'உயர்தர சைவம்' என்று எழுதுகிறார்களே, அந்த 'உயர்' எதைவிட உயர்? பாரீசில் நனிசைவர் சிறுபான்மை. கேட்டு வாங்க வேண்டியவர். இங்கே சுத்த சைவர் சிறுபான்மையாக இருந்துகொண்டே வாடகை வீட்டுக்கும் விடுதிப் பந்திக்கும் விதி எழுதுகிறார்.

கறியே விடுதலை என்றும் நான் சொல்லவில்லை. பாரீசில் வலதுசாரிக் கூட்டம் ஒன்று வீடற்றவர்களுக்குப் பன்றிக்கறி சூப் ஊற்றியது. முஸ்லிமும் யூதரும் வரிசையில் நிற்கக் கூடாது என்பதே நோக்கம். 2007 ஜனவரியில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதற்கான தடையை உறுதி செய்தது. அங்கே கறியால் விலக்கினார்கள், இங்கே கறியைச் சொல்லி விலக்குகிறார்கள். தட்டில் இருப்பது மாறுகிறது, விலக்கும் புத்தி மாறவில்லை.

அந்தப் புத்தியின் இன்னொரு முகம் நத்தை. பாரீஸ் உணவகத்தில் பூண்டு வெண்ணெயில் வேகவைத்த நத்தை விருந்து. படம் எடுத்துப் போடுகிறார்கள். நம் பக்கத்து வயல்களில் நத்தையும் நண்டும் பொறுக்கிக் குழம்பு வைத்த கூலிக்காரப் பெண்ணுக்குக் கிடைத்தது வசைச்சொல். நத்தை ஒன்றுதான், பொறுக்கிய கை வேறு.

"அப்படியானால் விலங்குகள்?" என்று நனிசைவத் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. அதை நாம் பார்ப்பனியத்திடம் விட்டுவிடக் கூடாது. சுத்த சைவம் பாலும் நெய்யும் தயிரும் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. கறவை நின்ற மாடும், பால் தராத காளைக் கன்றும் எங்கே போகின்றன என்று அது கேட்பதில்லை. பாலைக் குடிப்பவர் ஒருவர், செத்த மாட்டைத் தூக்குபவர் இன்னொருவர். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். மாட்டின் மீதான கருணை மனிதர் முதுகில் இரும்புக் கம்பியாக இறங்கியது. தீண்டாமையின் வேரை மாட்டுக்கறி மீதான வெறுப்போடு சேர்த்து அண்ணல் அம்பேத்கர் 1948-இல் எழுதினார். அதைப் படிக்காமல் இந்த நாட்டில் யாரும் விலங்குரிமை பேச முடியாது.

சாதியற்ற கருணைக்கு வழி இங்கேயே இருக்கிறது. பக்கத்து வடலூரில் 1867-இல் தருமசாலையில் அடுப்பு மூட்டிய வள்ளலார் புலால் உண்பவரைப் 'புற இனத்தார்' என்றார். அந்தச் சொல்லோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனாலும் அவர்களின் பசியையும் ஆற்றியே தீர வேண்டும் என்றார். அடுப்பின் முன் சாதி கேட்கவில்லை. இன்னும் அருகே பாருங்கள்: கேழ்வரகுக் கூழ், பச்சை மிளகாய், கீரை, கொள்ளு என்று உழைப்பாளி வீட்டுத் தட்டு பல நாள் நனிசைவம்தான். அதை யாரும் தூய்மை என்று கொண்டாடியதில்லை. வறுமை என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே நனிசைவத் தோழர்களே, பெயரிலிருந்தே தொடங்குங்கள். 'சைவம்' என்ற மதச் சொல்லுக்கு 'நனி' என்று ஒட்டுப் போடாதீர்கள். தாவர உணவு என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். கருவாடு சுடும் வீட்டுக்குப் பாடம் எடுக்கும் முன், 'சைவர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டும் வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள். நெய் அபிஷேகம் செய்பவரிடம் கன்றின் பங்கைக் கேளுங்கள். மாட்டுக்கறி சாப்பிட்டதற்காக அடி வாங்கியவர் பக்கம் முதல் ஆளாக நில்லுங்கள். கறி சாப்பிடும் தோழரின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கை பரிமாறும் கீரையைச் சாப்பிடுங்கள். அந்தப் பந்தியில் உங்களுக்குக் கீரை வைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.