சீருடையும் மேடையும்

டேராடூன் இராணுவப் பயிற்சிக் கழகத்திலிருந்து அதிகாரிகளாக வெளியேறும் இளைஞர்கள், செட்வுட் கட்டடத்தின் முன்னே அணிவகுத்துச் செல்வதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அப்பெயருக்குரியவர் சர் பிலிப் செட்வுட். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தலைமைத் தளபதி. 1932 டிசம்பர் 10 அன்று அவர் அங்கு ஆற்றிய உரையில் கடமைக்கு ஒரு வரிசை வகுத்தார். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில்; தன்கீழ் உள்ள வீரர்களின் நலன் அடுத்து; தன் சுகம் கடைசியில்!

அடிமைப்படுத்தியவனா நாட்டுப்பற்றைப் போதிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் சொன்னவனை விட்டுச் சொல்லை எடைபோடுவதன்றோ பகுத்தறிவு?

அவ்வுரையிலேயே இன்னொன்றும் சொன்னார். படைக்கு அரசியல் கிடையாது. அது மக்களிடம் ஊதியம் பெறும் ஊழியன். எக்கட்சி ஆண்டாலும் அவ்வரசுக்குக் கட்டுப்பட்டது. கட்சிச் சார்பு என்ற ஐயம் எழுந்தாலே மக்களின் நம்பிக்கை மாயும் என்றார். முன்னதைப் போற்றுவோர் பலர். பின்னதை நினைப்போர் சிலர்.

முதல் அணியில் பயின்றோர் 40 பேர். அவருள் மூவர் பின்னாளில் மூன்று நாடுகளின் படைத்தலைவர்களாயினர். இந்தியாவின் மானெக்‌ஷா, 1971 போரில் வென்றும், 1973இல் காலம் முடிந்ததும் ஓய்வுபெற்றார். பாகிஸ்தானின் மூசா, 1958இல் அயூப்கான் ஆட்சியைக் கைப்பற்றியபோது தலைமைத் தளபதியானார். பர்மாவின் ஸ்மித் டன் கரேன் இனத்தவர்; கரேன் கிளர்ச்சி மூண்ட 1949இல் பதவியிழந்தார். அவருக்குப் பின்வந்த நே வின், 1962இல் நாட்டையே கைப்பற்றினார்.

பள்ளி ஒன்று; பாடம் ஒன்று; விளைவு மட்டும் வேறானதேன்? 1958க்குள் இந்திய மக்கள் இருமுறை பொதுத்தேர்தல் கண்டனர். பாகிஸ்தான் மக்களோ நேரடிப் பொதுத்தேர்தலை 1970இல்தான் முதன்முறையாகக் கண்டனர். வாக்குச்சீட்டு வலுத்த இடத்தில் துப்பாக்கி அடங்கி நின்றது. அது வலுவிழந்த இடத்தில் துப்பாக்கி அரியணை ஏறியது. வீரனின் உறுதிமொழி அவனை மட்டும் நம்பி நிற்பதன்று. அரசியல்வாதியின் ஒழுக்கத்தையும் நம்பி நிற்பது.

2019 பொதுத்தேர்தலின்போது, படைவீரர் படங்களைப் பரப்புரையில் பயன்படுத்தாதீர் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு நினைவூட்ட நேர்ந்தது. தலைகுனிய வேண்டியவர்கள் வீரர்களா? வாக்குக் கேட்டவர்களல்லவா!

நமக்கும் இதில் கடமை உண்டு, தோழர்களே! நம் சுவரொட்டியில் சீருடை வேண்டா. நம் மேடையில் போர்வெற்றியை விற்க வேண்டா. வீரன் சிந்திய குருதி நாட்டுக்குரியது. எந்தக் கட்சிக்கும் அதில் பங்கில்லை. கொள்கையைச் சொல்லி வாக்குக் கேட்போம். அதனால் தோற்றாலும் மக்களாட்சி தோற்காது!