சுமந்தவனுக்குச் சுற்றுலா இல்லையா?

தேர்வு முடிந்து பள்ளிக் கதவு சாத்தப்பட்டால், சித்திரை வெயில் தெருவிலே தீ மூட்டினால், நாடெங்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி: "இந்த விடுமுறைக்கு எங்கே போகிறோம்?"

மாளிகையிலே இந்தக் கேள்வி எழுந்தால் அங்கே இனிமையான வழக்கொன்று நடக்கிறது. அம்மா உதகை என்கிறார். மகள் கொடைக்கானல் என்கிறாள். அப்பா, "அங்கே நான்கு நாள், இங்கே நான்கு நாள்" என்று தீர்ப்பு வழங்குகிறார். வழக்கு முடிகிறது, வண்டி புறப்படுகிறது! ஒற்றை அறை வாடகை வீட்டிலே அதே கேள்வி எழுந்தால்? தாய் அடுப்பைப் பார்க்கிறாள். தந்தை கூரையைப் பார்க்கிறான். பிள்ளை இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தெருவுக்கு விளையாடப் போய்விடுகிறது. கேள்வி ஒன்றுதான், பதில் மட்டும் பையின் கனத்தைப் பார்த்துப் பிறக்கிறது!

அந்த மௌனத்தைப் பற்றியே இந்த ஞாயிறு உங்களிடம் பேச விரும்புகிறேன். "சுற்றுலாவா? அரசியல் ஏட்டிலே அதற்கென்ன வேலை?" என்று புருவத்தை நெரிப்போர் இருக்கலாம். உண்ணும் சோறு அரசியலென்றால், உடுத்தும் துணி அரசியலென்றால், உழைத்தவன் ஓய்வும் அரசியலே! ஒருவனிடமிருந்து கூலியைப் பறித்தால் அதைச் சுரண்டல் என்கிறோம். அவன் குடும்பத்தோடு சிரித்திருக்க வேண்டிய நான்கு நாட்களைப் பறித்தால் அதற்குப் பெயர் என்ன?

நம் நாட்டு மலை நகரங்களின் கதையைச் சற்றுக் கேளுங்கள். தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியிலே, 1820களில், கோவையின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் கல்வீடு கட்டினார், ஏரி அமைத்தார். 1848இல் அங்கே தாவரத் தோட்டம் உருவாகத் தொடங்கிற்று. பின்னர், சென்னை மாகாண அரசே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறியது. குடிமக்கள் கீழே வேக, கோலோச்சியோர் மேலே குளிர்காய்ந்தனர்! மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இல் குன்னூரை அடைந்தது. 1908இல் உதகையைத் தொட்டது. 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமென்று யுனெஸ்கோ அதற்குப் புகழ்மாலை சூட்டியது. அந்தப் பாறையை உடைத்த கைகளுக்கு மாலையுமில்லை, பெயருமில்லை.

கொடைக்கானல்? 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே குடியேறினர். 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளை அதிகாரி ஏரியை உண்டாக்கினார். மலைச்சாலை வராத அந்நாளிலே துரையும் துரைசானியும் எப்படி மேலே போயினர்? பறந்தா போயினர்? நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து போயினர். அவற்றைத் தாங்கிச் சென்றது தமிழன் தோள்! குளிர்ந்த காற்று அமர்ந்தவனுக்கு. கொட்டிய வியர்வை சுமந்தவனுக்கு. மேலே சேர்த்தானே, அவனை அங்கே தங்கவிட்டனரா? இறக்கி வைத்துவிட்டு இறங்கிப் போ என்றனர்.

வெள்ளையன் போய்விட்டான், டோலியும் போய்விட்டது. ஆனால் தோழர்களே, இறக்கி வைத்துவிட்டு இறங்கிப் போகும் நிலை போய்விட்டதா? சுற்றுலா வண்டியை 36 வளைவு, 40 வளைவு என்று ஓட்டிச் செல்கிறானே ஓட்டுநர்த் தோழன், அவன் இரவிலே எங்கே உறங்கினான்? முதலாளி மெத்தையிலே, அவன் இருக்கையிலே, கால் மடக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு! விருந்தினரை அழைத்து வரும் ஓட்டுநர்க்குப் படுக்கையிடமும் கழிப்பிடமும் விடுதிகள் தரவேண்டுமென்று தமிழ்நாட்டின் கட்டட விதிகளிலே எழுத 2023ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இறக்கி வைத்தவனுக்கும் இரவு உண்டு என்பதை ஏட்டிலே ஏற்றவே இத்தனை காலம்!

நாம் இதைச் சொன்னால், கனவான் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கிறார். அவர் வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாகக் கேட்போம்.

"அன்றாடங்காய்ச்சிக்கு அருவி எதற்கு? முதலில் வயிறு நிரம்பட்டும், பிறகு வாடைக் காற்று வாங்கட்டும்!" இது முதல் வாதம்.

ஐயா கனவானே, ஓய்வு என்பது வயிறு நிரம்பியபின் வைக்கும் வெற்றிலை பாக்கு அன்று. எட்டு மணி நேர உழைப்பு வேண்டும் என்று பாடுபட்டவர்கள் மிச்ச நேரத்தை மனிதனாக வாழ்வதற்கென்றே கேட்டனர். 1923 மே முதல் நாளன்று, சிங்காரவேலர் சென்னையிலே மே நாள் விழாவை நடத்தினாரே, அந்தக் கொடி பறந்த இடங்களிலே ஒன்று கடற்கரை மணல்! 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஆண்டிலே 240 நாள் உழைத்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் கூலியோடு விடுப்பு என்று எழுதிற்று. பிரான்சு நாட்டிலே 1936இல் தொழிலாளர் போராடி இரண்டு வாரக் கூலி விடுப்புப் பெற்றனர். அந்த அரசு விடுப்பை அளித்ததோடு நில்லாமல், ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது குறைத்தது. கடலைக் கண்டறியாத உழைப்பாளிக் குடும்பங்கள் அந்தக் கோடையிலே கடலைக் கண்டன. விடுப்பு மட்டும் தந்தால் அது பாதி உரிமை. போய்வர வழியும் தந்தால்தான் முழு உரிமை. அதை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர்.

இங்கே? துணிக்கடையிலே காலை முதல் இரவு வரை கால் கடுக்க நிற்கும் பெண்ணுக்கு உட்கார ஓர் இருக்கை கொடு என்று சொல்லவே 2021இல் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது! நிற்பவள் உட்காரவே சட்டம் வேண்டியிருந்த நாட்டிலே, அவள் உல்லாசப் பயணம் போவது எப்போது? சித்தாளாக, விசைத்தறியாளராக, வீட்டு வேலை செய்பவராக இருப்போரைக் கேளுங்கள். அவர்களுக்குச் சுற்றுலாவின் முதற்செலவு பேருந்துக் கட்டணம் அன்று, இழந்த கூலி! நான்கு நாள் வெளியூர் என்றால் நான்கு நாள் வருமானம் பூச்சியம். கனவான் பணத்தைச் செலவிட்டு ஓய்வு வாங்குகிறார். ஏழையோ ஓய்வையே செலவாக எழுதவேண்டியிருக்கிறது.

"இவர்கள் போனால் போகுமிடமெல்லாம் குப்பை!" இது இரண்டாவது வாதம்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள், கரும்பும் கட்டுச்சோறுமாக, கைக்குழந்தையும் கிழவியுமாக, உழைக்கும் சென்னை மெரினாவுக்கு வருகிறது. பிள்ளை தொலைந்துவிடக் கூடாதென்று மணிக்கட்டிலே காவலர் பெயர்ப்பட்டை கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம். அந்த ஒரு நாள் சிந்திய காகிதத்தை எண்ணுகிறார் கனவான். நாம் கேட்கிறோம்: ஆயிரம் பேர் வருமிடத்திலே எத்தனை குப்பைத் தொட்டி வைத்தீர்? எத்தனை கழிப்பிடம் கட்டினீர்? மறுநாள் விடியுமுன் அதைக் கூட்டி அள்ளுவது யார்? கூட்டுபவரும் அவர் இனத்தவர் அல்லரே, எம் இனத்தவர்! தூய்மை வேண்டும், அதை நம்மவர்க்கும் நாம் சொல்லத்தான் வேண்டும். தொட்டி வைக்காமல் திட்டு மட்டும் வைப்பதைத்தான் ஏற்க இயலாது.

"மலை தாங்காது, ஐயா!" இது மூன்றாவது வாதம். இதிலே உண்மை உண்டு. ஆகவே உண்மையாகவே விடை சொல்வோம்.

மலை தாங்காதுதான். மண் சரிகிறது, தண்ணீர் வற்றுகிறது, யானையின் தடத்தை விடுதியின் சுவர் மறிக்கிறது. ஆகவே சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை, நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு கட்டப்பட்டது. அந்த அக்கறையை நாம் பழிக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு காருக்கு நால்வர் என்றால் 6,000 கார்களிலே 24,000 பேர். அதே 24,000 பேர், பேருந்துக்கு 50 பேர் வீதம் ஏறினால், 480 பேருந்துகள் போதும்! ஆறாயிரம் எங்கே, நானூற்று எண்பது எங்கே? மலையை மூச்சுத் திணற வைப்பது ஏழையின் காலடியா, கனவானின் கார்ச் சக்கரமா? அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அந்த வரம்பு இல்லை என்று ஆணையே விலக்களித்தது. வழி அங்கே திறந்திருக்கிறது. அந்த வழியிலே போதிய பேருந்தை விடுங்கள் என்பதே நம் கோரிக்கை. மலையைக் காக்கும் வழியும் ஏழையை ஏற்றும் வழியும் ஒன்றே!

இன்னொன்றும் சொல்வேன். உதகையும் கொடைக்கானலும் மட்டுமா தமிழ்நாடு? வெள்ளையன் தனக்குக் குளிர்ந்த இடத்தைத் தேர்ந்தான். அவன் தேர்வே நமக்கு வேதமா? தமிழன் தன் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவும் ஒரு பொழுதும் வைத்து மகிழ்ந்தவன். தென்மேற்குப் பருவம் பிறந்து சாரல் வீசும் நாளிலே குற்றாலம் சென்று பாருங்கள். பேரருவி தலையிலே விழும்போது யார் மில் முதலாளி, யார் மில் தொழிலாளி? நீர் ஆள் பார்த்து விழுவதில்லை! ஒகேனக்கலிலே பரிசல்காரர் துடுப்பு வலிக்கிறார். கரையிலே மீன் பொரிகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மண். ஆடிப்பெருக்கிலே காவிரிக்கரை முழுதும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் மணக்கிறது. யாரும் சீட்டு வாங்கி அந்த விழாவுக்கு வருவதில்லை.

குமரிமுனையைக் காட்டுங்கள் பிள்ளைகளுக்கு! 1956 நவம்பர் முதல் நாள், போராடிப் பெற்று நம்மோடு இணைந்த மண் அது. கடலின் நடுவே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார், 2000 சனவரி முதல் நாளிலிருந்து. 2024 டிசம்பர் 30இல் அவர் பாறைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. கீழடியிலே 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பானை ஓட்டிலே தன் பெயரைக் கீறி வைத்தவன் எழுத்தறிந்த தமிழன் என்பதை ஒரு மணி நேரத்திலே பிள்ளை உணரும். நாம் நூறு மேடையிலே முழங்கினாலும் அந்த ஒரு மணிக்கு ஈடாகாது. தன் நாட்டைக் கண்ணால் காணாதவனிடம் நாட்டுப்பற்றை எப்படி எதிர்பார்ப்பது?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, மக்கள் விரும்பும் ஊர்தோறும் உழைப்பாளிக் குடும்பம் ஓர் இரவு தங்க, ஒரு நாள் கூலிக்கு மேற்படாத வாடகையிலே, அரசின் விடுதி வேண்டும். 1971இல் தோன்றிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வளர்ச்சி அந்தத் திசையிலே திரும்பட்டும். இரண்டு, விடுமுறைக் காலத்திலே சிறப்புப் பேருந்து, குறைந்த கட்டணத்திலே. மூன்று, அருவிக்கரையிலும் கடற்கரையிலும் பெண்கள் உடை மாற்றப் பூட்டுள்ள அறை, தண்ணீருள்ள கழிப்பிடம், மலிவான உணவுச்சாலை. விடியலுக்கு முன் எழுந்து ஐந்து பேருக்குச் சோறு கட்டி, போன இடத்திலும் பரிமாறி, வந்தபின் பாத்திரம் துலக்குகிறாளே தாய், அவளுக்கு எங்கே விடுமுறை? சுற்றுலாவுக்குப் போயும் அடுப்பு அவளை விடவில்லையே! நான்கு, சட்டத்தில் எழுதிய விடுப்பு சம்பளப் பட்டியலிலும் எழுதப்பட வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளிக்கும் ஆண்டுக்குச் சில நாள் கூலி விடுப்புக்கு நலவாரியம் வழி காணவேண்டும்.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி இருப்பதா? மாநாட்டுக்கு ஊர்தோறும் வண்டி பிடிக்கத் தெரிந்த கைகள் உங்கள் கைகள். அந்தக் கைகள் ஆண்டுக்கு ஒருமுறை குற்றாலத்துக்கும் குமரிக்கும் வண்டி பிடிக்கட்டும். மாதம் சிறுதொகை சேர்க்கட்டும் கிளைகள். கொடியோடு குழந்தைகளும் வரட்டும். சமையலை அன்று ஆண் தோழர்கள் ஏற்கட்டும்! குப்பையை அள்ளிவர ஒரு சாக்கும் எடுத்துச் செல்லுங்கள். கனவானின் இரண்டாவது வாதத்துக்கு அந்தச் சாக்கே பதில்.

அடுத்த சித்திரையிலே அந்த ஒற்றை அறை வீட்டிலே பிள்ளை கேட்கும்: "எங்கே போகிறோம்?" அப்போது தந்தை கூரையைப் பார்க்கக் கூடாது, காட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். மலை ஏறச் சுமந்தவன் மக்கள், மலை ஏறி மகிழ வேண்டும். அது வரையில் நம் கோரிக்கை ஓயாது. உழைத்தவன் ஓய்ந்திருக்க உரிமை பெறும்வரை, நமக்கு ஓய்வேது தோழர்களே!