அஞ்சும் உரிமை

தெருவில் பிறந்த பூனைக்குட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, மறுநாளே அது நம் மடியில் சுருண்டு படுக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். சீறினால் நன்றியற்றது என்கிறோம். சோறிட்டவரிடம் அச்சம் கூடாது என்பது நம் அகந்தையன்றி வேறென்ன?

மனிதரை ஏற்கப் பூனை பழகும் பருவம் மிகக் குறுகியது. பிறந்து 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதக் கை பழகிய குட்டிகளே எளிதில் இணங்குகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் ஐலீன் கார்ஷின் ஆய்வுகள் 1980களில் காட்டின. ஆகவே, வளர்ப்பதா என முடிவெடுப்பதில் தாமதம் கூடாது. முடிவெடுத்த பின் எதிலும் அவசரம் கூடாது.

முதலில் ஒரு சிறிய அறை போதும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, மணல் தட்டு, தண்ணீர். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒவ்வாது. பால்குடி மறந்த குட்டிக்கு முள் நீக்கிய வேகவைத்த மீன் கொடுக்கலாம். அது உண்ணும்போது சற்றுத் தள்ளித் தரையில் அமர்வோம். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்களை மெல்ல மூடித் திறப்பவரைப் பூனைகள் கூடுதலாக அணுகுகின்றன என 2020இல் வெளியான சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. பெட்டிக்குள் கைவிட்டு இழுத்தால் பல நாள் நம்பிக்கை ஒரு நொடியில் போய்விடும். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு நன்கு கழுவி, தாமதமின்றி ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவரை நாட வேண்டும்.

தெருவிலேயே வளர்ந்துவிட்ட பூனைகளில் பல கடைசிவரை கைக்கு வராமலே போகலாம். அவற்றுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, அவை வாழும் இடத்திலேயே உணவு வைப்போம். தொட முடியாத ஓர் உயிரிடமும் நமக்குப் பொறுப்பு உண்டு.